கறுப்புத் திரையில் ஒரு வரியை மாற்ற: அக்காவின் நானோ டிப்ஸ்

புது வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இது நடக்கும். சர்வருக்குள் நுழைய யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து, "அந்த கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரியை மட்டும் மாத்திடும்மா" என்று சொல்லிவிட்டு சீனியர் டீ குடிக்கப் போய்விடுவார். எதிரே கறுப்புத் திரை. ஐகான் இல்லை, மெனு இல்லை, மவுஸை எங்கே க்ளிக் செய்தாலும் ஒன்றும் அசையாது. அந்த நேரத்தில் உனக்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. நானோ என்கிற குட்டி எடிட்டரும் ஏழெட்டு கீ சேர்க்கைகளும் போதும்.

"விம் தெரியாதா உனக்கு?" என்று கேட்க ஆபீசில் ஓர் ஆள் எப்போதும் இருப்பார். சிரித்துவிட்டு உன் வேலையைப் பார். விம் இன்னொரு எடிட்டர். நல்ல கருவிதான், பழகியவர்களுக்கு. பழகாதவர்களுக்கு அதிலிருந்து வெளியே வருவதே பெரும்பாடு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் "விம்மை விட்டு எப்படி வெளியேறுவது" என்ற ஒரே கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவைக்கு மேல் திறந்து பார்த்திருந்தார்கள். எல்லாரும் உன்னை மாதிரி, என்னை மாதிரி ஆட்கள்தான். இன்றைக்கு ஒரு வரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு நானோ போதும். உபுண்டு, டெபியன், ராஸ்பெரி பை எல்லாவற்றிலும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ஃபெடோராவும் 2020-ல் வந்த 33-ஆம் பதிப்பிலிருந்து இதையே முதல் எடிட்டராக வைத்துக்கொண்டது.

போனில் சொன்னால் எப்படிச் சொல்வேனோ அப்படியே கமாண்டுகளை எழுதுகிறேன். வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடி.

திறப்பதற்கு முன்

நானோ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஃபைல் பெயரை அடித்து என்டர் தட்டினால் திறந்துவிடும். ஆனால் பெயரை முழுக்க நீயே அடிக்காதே. முதல் மூன்று நான்கு எழுத்தை அடித்துவிட்டு டேப் கீயைத் தட்டு. மீதியை டெர்மினலே நிரப்பும். நிரப்பவில்லையா? அப்படியொரு ஃபைல் அந்த ஃபோல்டரில் இல்லை, அல்லது அதே எழுத்துகளில் தொடங்கும் இன்னொன்றும் இருக்கிறது. லினக்ஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு வேறு என்பதையும் மறக்காதே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெயரைத் தப்பாக அடித்தாலும் நானோ கோபித்துக்கொள்ளாது. அந்தத் தப்பான பெயரில் ஒரு காலி ஃபைலைத் திறந்துவிட்டுக் கீழே "நியூ ஃபைல்" என்று சின்னதாகச் சொல்லும். கவனிக்காதவள் "ஐயோ, உள்ளே இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு" என்று பதறுவாள். ஒன்றும் அழியவில்லை. உண்மையான ஃபைல் பத்திரமாக அதன் இடத்தில் இருக்கிறது. எதையும் சேமிக்காமல் வெளியே வந்து சரியான பெயரில் திற.

முக்கியமான ஃபைல் என்றால் கை வைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வை. சி, பி என்று சேர்த்து அடித்து, இடைவெளி, பழைய பெயர், இடைவெளி, அதே பெயரின் வாலில் ஒரு புள்ளியும் "ஓல்ட்" என்ற சொல்லும். ஒரு நிமிடம்கூட ஆகாது. சர்வர் படுத்துவிட்டால் அந்த ஒரு நகல்தான் உன்னை இரவு வீட்டுக்கு அனுப்பும்.

கண் எங்கே இருக்க வேண்டும்

நானோவைத் திறந்ததும் எல்லாரும் நடுவில் இருக்கும் எழுத்தைப் பார்ப்பார்கள். நீ கீழே பார். கடைசி இரண்டு வரியில் எந்த கீ என்ன செய்யும் என்று எழுதியே வைத்திருக்கிறது. அதற்கு நேர் மேலே உள்ள வரி இன்னும் முக்கியம்: நானோ உன்னோடு பேசுவது அந்த வரியில்தான். கேள்வி கேட்பது, எச்சரிப்பது, "எழுதிவிட்டேன்" என்று சொல்வது எல்லாம் அங்கேதான். புதிதாக வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களில் முக்கால்வாசி, அந்த வரி கேட்ட கேள்வியைப் படிக்காமல் ஏதோ ஒரு கீயைத் தட்டியதால் வருவதுதான்.

கீழ்வரிகளில் ^ என்ற குறி இருக்கும். அது கண்ட்ரோல் கீ. அந்தக் குறியையே தேடி அடித்துவிட்டு, பக்கத்தில் உள்ள எழுத்தையும் அடித்துவிட்டு, "ஒன்றும் ஆகவில்லையே" என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. எழுத்தைப் பெரிய எழுத்தாகக் காட்டியிருந்தாலும் ஷிஃப்ட் தேவையில்லை. எம் எழுத்தும் ஒரு கோடும் போட்டிருந்தால் அது ஆல்ட் கீ. சில டெர்மினல்களில் ஆல்ட்டை அழுத்தினால் ஜன்னலின் மெனு திறந்துகொள்ளும். அப்போது எஸ்கேப் கீயை ஒரு தடவை தட்டி விட்டுவிட்டு, பிறகு எழுத்தைத் தட்டு. அதே பலன்தான்.

எதையோ அழுத்தி எங்கோ போய்விட்டாய், கீழே புரியாத கேள்வி நிற்கிறது என்றால் கண்ட்ரோல் சி. அது அந்தக் கேள்வியை ரத்து செய்து உன்னைத் திரும்ப எழுத்துக்குள் கொண்டுவந்துவிடும்.

சேமிப்பதும் வெளியே வருவதும்

சேமிக்க கண்ட்ரோல் ஓ. எழுத்து ஓ, பூஜ்யம் இல்லை. உடனே எழுதிவிடாது, எந்தப் பெயரில் எழுதட்டும் என்று கேட்டு, இப்போதுள்ள பெயரையே போட்டுக் காட்டும். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். கேள்வி வந்ததைப் பார்க்காமல் தொடர்ந்து தட்டச்சு செய்துகொண்டே போனால், அத்தனையும் ஃபைல் பெயரின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். பெயரைத் தொடாமல் என்டர் மட்டும் தட்டு. இத்தனை வரி எழுதப்பட்டது என்று கீழே வரும். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் சேமித்ததாகக் கணக்கு.

பெயர் மாறிவிட்டால் நானோ விடாது. வேறு பெயரிலா சேமிக்க வேண்டும் என்று பெரிய எழுத்திலேயே கேட்கும். அந்தக் கேள்விக்கு, உண்மையிலேயே நீ அப்படி நினைத்திருந்தால் தவிர, என் தான் பதில்.

வெளியே வர கண்ட்ரோல் எக்ஸ். எதையும் மாற்றவில்லை என்றால் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். மாற்றியிருந்தால், மாறிய பகுதியைச் சேமிக்கவா என்று கேட்கும். ஒய் என்றால் பெயர் கேட்கும், என்டர் தட்டினால் சேமிக்கும். என் என்றால் நீ செய்த அத்தனையும் போய்விடும். கண்ட்ரோல் சி என்றால் வெளியேறுவதையே நிறுத்திவிட்டு உள்ளே இருக்கும். ஃபைலில் நீ தெரியாமல் எதையோ அழித்துவிட்டாய், என்ன அழித்தாய் என்றே தெரியவில்லை என்றால் என் தான் உன் தோழி. எக்ஸ், என். பழைய ஃபைல் அப்படியே இருக்கும். மறுபடி திறந்து நிதானமாக ஆரம்பி.

புதிய பதிப்புகளில் கண்ட்ரோல் எஸ் அடித்தால் கேள்வியே இல்லாமல் சேமிக்கும். வசதிதான். ஆனால் அந்தக் கைப்பழக்கம் நானோவுக்கு வெளியேயும் வந்துவிடும். வெறும் டெர்மினலில் கண்ட்ரோல் எஸ் தட்டினால் திரை உறைந்து போகும். எதை அடித்தாலும் வராது. சர்வர் தொங்கிவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடாதே. கண்ட்ரோல் க்யூ தட்டு, உயிர் வந்துவிடும்.

உன் கையின் பழைய பழக்கம்

வேர்டிலும் ஜிமெயிலிலும் பழகிய கைக்கு நானோ முதல் நாள் விசித்திரமாக இருக்கும். அங்கே காப்பி செய்யும் கண்ட்ரோல் சி, இங்கே கர்சர் எந்த வரியில் இருக்கிறது என்று சொல்லும். பேஸ்ட் செய்யும் கண்ட்ரோல் வி, இங்கே ஒரு பக்கம் கீழே குதிக்கும். "பேஸ்ட் பண்ணினேன், இருந்ததும் காணாமல் போச்சு" என்று வருகிறவர்களுக்கு நடப்பது இதுதான். திரை கீழே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ட்ரோல் ஒய் அடித்தால் மேலே வந்துவிடும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கண்ட்ரோல் ஏ, இங்கே வரியின் தொடக்கத்துக்குப் போகும். வெட்டும் கண்ட்ரோல் எக்ஸ் என்ன செய்யும் என்று மேலேயே பார்த்தோம்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் வயசு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைன் என்ற மெயில் நிரலோடு சேர்ந்து பிக்கோ என்ற எடிட்டர் வந்தது. பயன்படுத்த எளிது, ஆனால் அதன் உரிமம் திருத்திப் பகிர்வதற்குத் தடையாக இருந்தது. அதனால் 1999-ல் கிறிஸ் அலெக்ரெட்டா அதே மாதிரி நடந்துகொள்ளும் ஒன்றைப் புதிதாக எழுதினார். 2001-ல் அது க்னூ திட்டத்தில் சேர்ந்தது. பிக்கோவின் கீகளை அவர் அப்படியே வைத்துக்கொண்டதால்தான் நாமும் இன்றுவரை அதையே அழுத்திக்கொண்டிருக்கிறோம். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: 2022-ல் வந்த ஒரு மேக் ஓஎஸ் புதுப்பிப்பிலிருந்து, அங்கே நானோ என்று அடித்தால் திறப்பது பழைய பிக்கோவேதான். அதனால் நான் சொல்லும் சில ஆல்ட் கீகள் மேக்கில் வேலை செய்யாமல் போகலாம். குழம்பாதே.

சரி, வெட்டி ஒட்டுவது எப்படி? கர்சர் இருக்கும் வரியை முழுதாக வெட்ட கண்ட்ரோல் கே. ஒட்ட கண்ட்ரோல் யூ. தொடர்ந்து மூன்று தடவை கே தட்டினால் மூன்று வரியும் ஒன்றாகச் சேர்ந்து வெட்டுப்படும். எங்கே ஒட்டினாலும் மூன்றும் சேர்ந்தே வரும். ஆனால் நடுவில் கர்சரை நகர்த்திவிட்டு மறுபடி கே தட்டினால், முதலில் வெட்டியது போய்ப் புதியது மட்டும்தான் கையில் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வரிகளைத் தொலைத்தவர்கள் நிறைய. வெட்டாமல் காப்பி மட்டும் எடுக்க ஆல்ட் ஆறு. பாதி வரிதான் வேண்டும் என்றால் ஆல்ட் ஏ தட்டிவிட்டு அம்புக்குறியால் நகர்த்திக்கொண்டே போ. தேர்ந்தெடுத்த பகுதி நிறம் மாறித் தெரியும். பிறகு கே அல்லது ஆறு.

தப்பாக ஏதோ செய்துவிட்டால் ஆல்ட் யூ. திரும்பத் திரும்பத் தட்டினால் ஒவ்வொரு படியாகப் பின்னால் போகும். அதையும் தப்பாகச் செய்துவிட்டால் ஆல்ட் ஈ. கண்ட்ரோல் இசட்டை மட்டும் தொடாதே. சில இடங்களில் அது நானோவையே பின்னணிக்குத் தள்ளிவிடும். திரையில் ஃபைல் மறைந்து டெர்மினல் மட்டும் நிற்கும். எஃப், ஜி என்று இரண்டு எழுத்தை அடித்து என்டர் தட்டினால், விட்ட இடத்தில் அப்படியே திரும்ப வரும்.

வெப்சைட்டில் இருந்து எடுத்த வரியை உள்ளே ஒட்ட வேண்டும் என்றால் அது டெர்மினலின் வேலை, நானோவின் வேலை இல்லை. உபுண்டு டெர்மினலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி. விண்டோஸில் புட்டி வைத்திருந்தால் மவுஸின் வலது பட்டன்.

2024-ல் வந்த நானோ 8-ஆம் பதிப்பில், நாம் பழகிய சி, வி, எக்ஸ், இசட் கீகளையே வைத்துக்கொள்ள ஒரு வசதி தந்திருக்கிறார்கள். ஆசையாக இருக்கும். பழகும் காலத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. உன் லேப்டாப்பில் அப்படிப் பழகிவிட்டு, ஐந்து வருடப் பழைய சர்வரில் காப்பி செய்ய நினைத்துத் தட்டினால் கை தடுமாறும்.

தேடுவதும் குறிப்பிட்ட வரிக்குப் போவதும்

தேட கண்ட்ரோல் டபிள்யூ, சொல்லை அடி, என்டர். அடுத்தது வேண்டுமென்றால் ஆல்ட் டபிள்யூ. மாற்றிப் போட ஆல்ட் ஆர். ஒவ்வொன்றிலும் நின்று கேட்கும். ஒய், என், அல்லது எல்லாவற்றுக்கும் ஏ. கான்ஃபிக் ஃபைலில் ஏ தட்டாதே. ஒவ்வொன்றாகப் பார்த்து ஒய் போடு.

"47-ஆம் வரியில் பிழை" என்று ஏதாவது நிரல் கத்தினால், அம்புக்குறியை அழுத்திக்கொண்டே எண்ண வேண்டாம். நானோ, இடைவெளி, கூட்டல் குறி, அதோடு ஒட்டி 47, இடைவெளி, ஃபைல் பெயர். நேராக அந்த வரியில் போய் நிற்கும். உள்ளே இருக்கும்போது என்றால் ஆல்ட் ஜி. வரி எண்கள் ஓரத்தில் தெரிய ஆல்ட் என். ஆனால் மவுஸால் இழுத்து வெளியே காப்பி எடுக்கப் போகிறாய் என்றால் முதலில் வரி எண்ணை அணைத்துவிடு. இல்லாவிட்டால் எண்களும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வரும்.

ரொம்பப் பழைய சர்வராக இருந்தால் இன்னொன்று. 2019-ல் வந்த 4-ஆம் பதிப்புக்கு முன்னால், நீளமான வரியைத் தட்டச்சு செய்தால் நானோ தானாகவே அதை இரண்டாக உடைத்துவிடக்கூடும். கடிதம் எழுத நல்லது, கான்ஃபிக் ஃபைலுக்கு ஆபத்து. அங்கே திறக்கும்போதே மைனஸ் டபிள்யூ சேர்த்துக்கொள்.

"பெர்மிஷன் டினைடு"

ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்கள் பெரும்பாலும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தம். நீ சாதாரண யூசராகத் திறந்தால் பலவற்றைப் படிக்கலாம், எழுத முடியாது. திறக்கும்போதே கீழ்வரியில் இதில் எழுத முடியாது என்று நானோ எச்சரித்துவிடும். அதைப் பார்க்காமல் அரைமணி நேரம் திருத்திவிட்டு கண்ட்ரோல் ஓ தட்டினால் "பெர்மிஷன் டினைடு". உழைப்பெல்லாம் வீண் என்று நினைத்து மூடிவிடாதே. அதே கண்ட்ரோல் ஓவில், பெயர் கேட்கும் இடத்தில் பழையதை அழித்துவிட்டு உன் ஹோம் ஃபோல்டரில் வேறு ஒரு பெயரைக் கொடு. இங்கே மட்டும் "வேறு பெயரிலா" என்ற கேள்விக்கு ஒய். வெளியே வந்ததும், ரூட் அதிகாரத்தோடு கமாண்டை ஓட்டும் சூடோவை முன்னால் போட்டு அந்த நகலை உரிய இடத்துக்கு சிபி செய்.

அடுத்த தடவை தொடக்கத்திலேயே சூடோ நானோ என்று திற. ஆனால் எல்லாவற்றுக்கும் சூடோ போடும் பழக்கம் வேண்டாம். உன் ஹோம் ஃபோல்டரில் சூடோ போட்டு ஒரு புது ஃபைலை உருவாக்கினால், அது ரூட்டின் சொத்தாகிவிடும். நாளைக்கு நீயே அதைத் திருத்த முடியாமல் நிற்பாய். சூடோவுக்கான விதிகள் இருக்கும் சூடோயர்ஸ் ஃபைலை மட்டும் நேராகத் திறக்கவே கூடாது. விசூடோ என்ற கமாண்டால்தான் திறக்க வேண்டும். அது நீ எழுதியதைச் சரிபார்த்த பிறகுதான் பழையதை மாற்றும். அங்கே ஒரு எழுத்துப் பிழை விழுந்தால் சூடோவே வேலை செய்யாமல் போய்விடும், சரிசெய்யவும் சூடோ வேண்டும்.

இதே கவனம் சேமித்த பிறகும் வேண்டும். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கை மாற்றினாயா, உடனே ரீஸ்டார்ட் செய்யாதே. சூடோ, என்ஜின்எக்ஸ், மைனஸ் டி என்று அடித்தால் எழுதியது சரியா என்று முதலில் சொல்லிவிடும். சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக்கைத் தொட்டால் இன்னும் உஷார்: இருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார். நுழைய முடிந்தால்தான் பழையதை மூடு. யாமல் ஃபைல் என்றால் டேப் கீயால் இடம் விடாதே, ஸ்பேஸ்பார்தான். மேக்ஃபைல் என்றால் நேர் எதிர், அங்கே டேப்தான் வேண்டும்.

நடுவில் கரண்ட் போனால்

வீட்டில் கரண்டோடு வைஃபையும் போய், எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால், நானோ தன்னால் முடிந்தவரை நீ எழுதிக்கொண்டிருந்ததை அதே பெயரின் வாலில் "சேவ்" என்ற சொல் ஒட்டிய ஃபைலாகப் போட்டுவிட்டுத்தான் போகும். மறுபடி நுழைந்ததும் எல்எஸ் அடித்துப் பார். இருந்தால் அதைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்.

இன்னொரு கேள்வி: தமிழில் குறிப்பு எழுத நானோவைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். ஃபைல் கெட்டுப்போகாது, யூனிகோடாகத்தான் சேமிக்கும். ஆனால் பெரும்பாலான டெர்மினல்களில் நம் கொம்பும் காலும் புள்ளியும் ஒழுங்காக உட்காருவதில்லை. கர்சர் ஓரிடத்தில் தெரியும், எழுத்து வேறிடத்தில் அழியும். ஓரிரு சொல் என்றால் பரவாயில்லை. பக்கம் பக்கமாக என்றால் லேப்டாப்பில் வேறு எடிட்டரில் எழுதி அனுப்பு.

ஒரே தடவை செய்து வைக்க வேண்டியது

ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் நானோஆர்சி என்ற ஃபைல் இருந்தால், நானோ ஒவ்வொரு தடவையும் அதைப் படித்துக்கொண்டுதான் திறக்கும். அதில் "செட் லைன்நம்பர்ஸ்", "செட் டேப்சைஸ் 4" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி வைத்தால் எப்போதும் வரி எண் தெரியும், டேப் அளவும் அடக்கமாக இருக்கும். செட்டுக்குப் பின்னால் உள்ள பெயர்கள் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். இந்த ஃபைலை நானோவிலேயே எழுது. பழகவும் இதுவே நல்ல ஃபைல், கெட்டாலும் ஒன்றும் நஷ்டமில்லை.

இன்னொரு ஏற்பாடு, நீ கேட்காத இடத்தில் விம் முளைப்பதைத் தடுக்க. உபுண்டுவில் கிரான்டேப் மைனஸ் ஈ என்று முதல் தடவை அடித்தால் எந்த எடிட்டர் என்று பட்டியல் போடும். நானோவுக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு "ஈசியஸ்ட்" என்றே எழுதியிருக்கும், வெட்கப்படாமல் அதைத் தேர்ந்தெடு. முன்பே தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் செலக்ட், நடுக்கோடு, எடிட்டர் என்று அடித்து மாற்றிக்கொள்ளலாம். கிட் பயன்படுத்துகிறாய் என்றால், கிட் கான்ஃபிக்கில் குளோபல் சேர்த்து, கோர் புள்ளி எடிட்டர் என்பதற்கு நானோ என்று ஒரு தடவை கொடுத்துவிடு. அதன் பிறகு கமிட் செய்தி எழுத நானோதான் திறக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ ஒரு சர்வரில் விம் வந்து நிற்கத்தான் செய்யும். அடையாளம், இடது ஓரத்தில் வரிசையாக டில்டா குறிகள், கீழே உதவி வரி எதுவும் இல்லை. எஸ்கேப்பை இரண்டு தடவை தட்டு. பிறகு முக்காற்புள்ளி, அதுதான் இரண்டு புள்ளிகள் மேலும் கீழுமாக இருக்கும் குறி. அடுத்து சின்ன க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடுவாய். அப்புறம் அதே ஃபைலை நானோவில் திற.